ஊசி போட வரும் அம்மாவிடம் "நீ எப்படி இருக்கே?" என்று யார் கேட்பது?

முதுநகர் நர்ஸ் எழுதியது:

வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு சின்னக் குழந்தைகள் கிளினிக்கில் ஒன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர், நான், மருந்து எடுத்துத் தர ஒரு பெண், மொத்தமே மூன்று பேர்தான். சில வாரமாக ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வருவாள். இருபத்தாறு வயதிருக்கும், முதல் குழந்தை. மூன்றரை மாத ஊசிக்கு வந்தபோதே எடை குறைவாகத்தான் இருந்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு வந்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுத்தோம், பால் கொடுக்கும் முறையை டாக்டர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு வாரத்தில் மறுபடி வயிற்றுப்போக்கு, எடை அதே இடத்தில். கூட வந்த மாமியார் "தோஷம் பட்டிருக்கு, மந்திரிச்சும் பார்த்தாச்சு" என்றார். அதற்கடுத்த தடவை குழந்தையைத் தராசில் கிடத்தினேன், வீறிட்டு அழுதது. எந்த அம்மாவாக இருந்தாலும் அந்த நேரம் தன்னை அறியாமல் கை நீளும். இவள் கை நீளவில்லை. பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும்தான் கேட்டேன். உடைந்துபோய் அழுதாள். புருஷன் விசைப்படகுக்குப் போகிறவன், மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லாமல் குடி ஏறிவிட்டது, குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வழி இல்லை, வாரக் கணக்கில் இவளுக்குத் தூக்கமே இல்லை. எல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான், மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அவள் வந்தபோது தடுப்பூசி அட்டைக்குள் அந்தச் சீட்டு மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. "நான் என்ன பைத்தியமா சிஸ்டர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். குழந்தையைப் பார்க்கிற இடத்திலேயே அம்மாவின் மனதையும் பார்க்க வழி இருக்கிறதா? எங்களைப் போன்ற சின்ன இடத்தில் என்ன செய்யலாம்? கவுன்சலர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் பயன் இருக்குமா? நான் மனநலம் படித்தவள் இல்லை. எதையாவது கேட்டுவிட்டு அவள் "செத்துப்போகலாம்னு தோணுது" என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷம் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

---

மஞ்சக்குப்பம் கவுன்சலர்:

சிஸ்டர், பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் கேட்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். சாகத் தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறவளுக்குச் சொல்ல ஒரு வாய் கிடைக்கும், அவ்வளவுதான். ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள், அவள் நம்புகிற ஒருவரை (பல சமயம் அது அவளுடைய அம்மா) அங்கேயே போன் செய்து வரவழையுங்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட ஆள் போட்டு அனுப்புங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், 2022 அக்டோபரில் இருந்து நடக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது. உங்கள் போனிலிருந்தே அடித்து அவள் கையில் கொடுங்கள்.

இன்னொன்றும் கவனம். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் ஒருத்தி நாள்கணக்கில் தூங்காமல், யாரோ காதில் பேசுகிறார்கள் என்றோ, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்றோ சொன்னால் அது வெறும் சோர்வு இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. பேய் ஓட்டக் கூட்டிப்போய்ப் பத்து நாள் கழித்து எங்களிடம் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பத்து நாளில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கும்.

என்ன கேட்பது என்றால், பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987-ல் வந்தது, பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கடைசிக் கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. தமிழ் வடிவம் இருக்கிறது. ஆனால் தாளை நீட்டி நிரப்பச் சொன்னால் நம் பெண்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள், பக்கத்தில் மாமியார் நிற்கிறார் இல்லையா. வாயால் கேளுங்கள். மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்து எடை பார்க்கவோ மருந்து வாங்கவோ அனுப்பிவிட்டால் உங்களுக்கு நாலு நிமிஷம் கிடைக்கும். பத்தும் கேட்க நேரம் இல்லாத நாளில் இரண்டு போதும்: இந்த ஒரு மாதத்தில் மனசு அடிக்கடி சோர்ந்து போச்சா, முன்னே பிடித்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா.

நான் கூடவே சேர்த்துக் கேட்பது தூக்கம். "தூங்கறியா" என்றால் கைக்குழந்தைக்காரி எல்லாருமே இல்லை என்பார்கள். "குழந்தை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் உட்கார வைத்துப் பேச வேண்டும். ரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் சொல்லுங்கள், சோர்வுக்கு அதுவும் காரணமாக இருக்கும், இருந்தால் மருந்தில் சரியாகும்.

நீங்கள் கேட்ட "சாப்பிட்டியாம்மா" இந்த எல்லா அளவுகோலுக்கும் முன்னால் வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

---

வில்லியனூர் அம்மா:

நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பெண் போலத்தான் நானும் இருந்தேன், ஆறு வருஷம் முன்னால்.

எனக்கும் சீட்டு கொடுத்தார்கள், வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. சீட்டு கொடுக்கிறவர்களுக்கு அது ஒரு தாள். எனக்கு அது என்ன தெரியுமா, விடியற்காலை எழுந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், ஓ.பி. வரிசையில் நின்று, எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் ஒரு பொய் சொல்லி, புருஷனுக்கு ஒரு நாள் கூலி போய், அங்கே போனால் தெரிந்தவர் யாராவது அந்த வாசலில் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருக்கிற நாள். ஒரு தடவை போனேன். அன்றைக்குப் பார்க்க வேண்டியவர் வரவில்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். அதன் பிறகு நான் போகவே இல்லை.

ஆனால் ஊசிக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், எல்லாம் போட்டேன். சாப்பிடாமல் கிடந்த நாளிலும் குழந்தைக்கு ஊசி என்றால் எழுந்து குளித்துப் போனேன், வீட்டிலும் யாரும் தடுக்கவில்லை. எங்களை மாதிரி ஆட்கள் நேரம் தவறாமல் வருகிற ஒரே இடம் அதுதான். ஒன்பது மாத ஊசியின்போது ஒரு சிஸ்டர் "உன் முகம் ஏன் இப்படி இருக்கு"ன்னு கேட்டு, பக்கத்து அறையில் இருந்த மேடத்திடம் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். "இவங்க குழந்தை வளர்ப்பு பத்திப் பேசுறவங்க"ன்னுதான் எங்க அத்தையிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு மாதம் ஒரு தடவை குழந்தையைக் காட்டுகிற சாக்கில் போய்ப் பேசிவிட்டு வருவேன், மாத்திரையும் கொஞ்ச நாள் சாப்பிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன், பையன் ஒன்றாம் வகுப்பு.

சிஸ்டர், அந்தப் பெண் பைத்தியமா என்று கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்றீர்களே. "இல்லம்மா, பிள்ளை பெத்த உடம்புக்குச் சளி காய்ச்சல் வர மாதிரி மனசுக்கும் வரும், நிறைய பேருக்கு வருது, சரியாகும்" என்று சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

---

பண்ருட்டி குழந்தை மருத்துவர்:

மேலே எழுதியவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்பது குழந்தை பார்க்கிற நாளில் ஒரு குழந்தைக்கு எனக்குக் கிடைப்பது நாலைந்து நிமிஷம். அதில் அம்மாவின் மனதைத் திறந்தால் மூட நேரம் இருக்காது. திறந்துவிட்டு மூடாமல் அனுப்புவது திறக்காமல் இருப்பதைவிட மோசம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

என் எண்ணம் மாறியதற்குக் காரணம் எடைதான். மருந்து சரி, சத்துமாவு சரி, பூச்சி மாத்திரை சரி, ஆனாலும் எடை ஏறாத குழந்தைகள் என்று ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் செய்து 2004-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சத்துக்குறைவான குழந்தைகளின் அம்மாக்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று காட்டியது. கோவாவில் அதற்கு முந்தைய வருஷம் வந்ததும் அதே திசையில்தான் இருந்தது. படித்தபோது என் பழைய கேஸ் அட்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் குழந்தைக்கு மட்டுமே மருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

படித்த கவுன்சலர்தான் வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், நம் ஊர் கிராம சுகாதார செவிலியரைவிடக் குறைந்த படிப்பு உள்ள சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழக்கமாக வீட்டுக்குப் போகிற போக்கிலேயே மனச்சோர்வுள்ள அம்மாக்களிடம் பேச வைத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி பெற்றவர்கள் பார்த்த பக்கம் மனச்சோர்வு நீடித்த அம்மாக்கள் 23 சதவீதம், மற்ற பக்கம் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது, தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்கள் கூடினார்கள். எடை, உயரத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நர்ஸம்மா நாளைக்கே தராசில் முள் ஏறும் என்று எதிர்பார்ப்பார்.

அமெரிக்காவில் 1990-களிலேயே குழந்தை மருத்துவமனைக்குள் குழந்தை வளர்ச்சியும் குடும்ப மனநலமும் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கிற திட்டம் ஆரம்பித்துவிட்டது, ஹெல்த்தி ஸ்டெப்ஸ் என்று பெயர், பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பார்க்கிறார்கள். அங்கே குழந்தை மருத்துவர் சங்கமே குழந்தையின் 1, 2, 4, 6 மாதப் பரிசோதனைகளில் அம்மாவுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறது. நோயாளி குழந்தைதான், ஆனால் கேள்வி அம்மாவுக்கு. வில்லியனூர் அம்மா சொன்ன அந்த "தன் கையாலேயே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்" என்பதை அங்கே ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். டாக்டர் நேரில் அறிமுகம் செய்து ஒப்படைக்க வேண்டும், சீட்டில் அனுப்பக்கூடாது.

நம் அரசு அமைப்பிலும் பாதி இருக்கிறது. 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று வைத்தார்கள், குழந்தை மருத்துவர், உளவியலாளர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரையில். வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு அது பெரிய வரம். அதே கூரையில் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட்டால் போதும் என்று நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கவுன்சலர் வந்தால் ஆகும் செலவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு கவுன்சலர் வருகிறார், அம்மாக்களிடம் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, என் கன்சல்டிங் வருமானத்திலிருந்து கொடுக்கிறேன். எல்லாராலும் முடியாது என்று தெரியும். ஆனால் ஒரே குழந்தைக்கு மாதாமாதம் ஆன்டிபயாடிக் எழுதுவது குறைந்திருக்கிறது.

---

அங்கன்வாடி டீச்சர், தேவனாம்பட்டினம் பக்கம்:

எல்லாரும் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கீங்க, எனக்கு ஒன்று சொல்லணும். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று இங்கே ஐந்து ஆறு வயதில் இருந்த பெண் பிள்ளைகள்தான் இப்போது கைக்குழந்தையோடு என் மையத்துக்கு வருகிறார்கள். அன்றைக்குத் தம்பியை, தங்கையை, அம்மாவைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். அதற்கு மேல் 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம். வெளியூர்க்காரர்களுக்கு அது பழைய செய்தி. இங்கே மழை இருட்டினாலே குழந்தையை இடுப்பை விட்டு இறக்காத அம்மா இருக்கிறாள், பிள்ளையைப் பக்கத்தில் விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடியவைக்கிறவளும் இருக்கிறாள். குழந்தை ஏன் நடக்கவில்லை, ஏன் யாரிடமும் போகவில்லை என்று டாக்டர் கேட்கிறார். கீழே விட்டால்தானே நடக்கும்.

அதனால் சிஸ்டர், "நீ எந்தக் குப்பம், அப்போ உனக்கு என்ன வயசு, வீட்டில் யாரை இழந்தீங்க" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாரிடமும் இல்லை, முகம் பார்த்து. எங்களையும் கூப்பிடுங்கள். கிளினிக்கில் கவுன்சலர் ஒரு மணி நேரம் பார்ப்பார், நாங்கள் தினமும் அந்தத் தெருவில் நடக்கிறோம். சமைத்தாளா, குளித்தாளா, வாசல் தெளித்திருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயம், அவள் உங்களிடம் சொன்னதை அவள் சம்மதம் இல்லாமல் எங்களிடம்கூடச் சொல்லாதீர்கள். குப்பத்தில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், அப்புறம் அவள் ஊசிக்குக்கூட வர மாட்டாள்.

---

படகுக்காரன்:

நான் அதிகம் படித்தவன் இல்லை. தங்கச்சி காட்டினாள், படித்தேன். அந்தப் புருஷன் மாதிரி நானும் இருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆம்பளைக்கு மரியாதை இல்லை என்று நமக்கே தோன்றிவிடும், எல்லை தாண்டிப் போனால் பாண்டியில் சரக்கு விலை கம்மி, கூட்டாளிகள் இருக்கிறார்கள். குடித்தது என் தப்புதான், நியாயம் பேசவில்லை.

ஆனா குழந்தை டாக்டர்கிட்ட போனா நான் எப்பவும் கேட்டுக்கு வெளியே பைக் பக்கத்துலதான் நிப்பேன். யாரும் உள்ளே கூப்பிட்டது இல்லை. ஒரு தடவை குழந்தைக்கு மூச்சிரைப்பு, ராத்திரி தூக்கிக்கொண்டு ஓடினேன், அங்கிருந்த டாக்டர் குழந்தைக்கு மாஸ்க் வைத்துவிட்டு என்னைப் பார்த்து "நீ எப்ப தம்பி கடைசியா நல்லா தூங்கினே?" என்று கேட்டார். அப்படி யாரும் கேட்டதில்லை. திட்டுவார் என்று நினைத்திருந்தேன். குடியை நிறுத்துகிற சிகிச்சைக்கு அவர் சொல்லித்தான் போனேன், முதல் தடவை தோற்று இரண்டாவது தடவை நின்றது. அந்தப் பொண்ணோட புருஷனையும் உள்ளே கூப்பிடுங்க சிஸ்டர். குழந்தையைத் தூக்கிக்கச் சொல்லிட்டுப் பேசுங்க, கையில பிள்ளை இருந்தா எவனும் முறைக்க மாட்டான்.

---

மஞ்சக்குப்பம் கவுன்சலர்:

படகுக்கார அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். அவன் அவளை அடிக்கிறான் என்று தெரிந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள், வீட்டுக்குப் போனதும் அவளுக்கு அது அடியாகத் திரும்பும். அவளைத் தனியாகக் கேளுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். குழந்தைக்கே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், அங்கே நம் விருப்பத்துக்கு இடம் இல்லை. மற்றபடி அவள் சொல்கிற எதுவும் அவளுடைய சொத்து, அங்கன்வாடி டீச்சர் சொன்னது போல. 2017 மனநலச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

---

முதுநகர் நர்ஸ்:

எல்லாவற்றையும் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். பண்ருட்டி டாக்டர் எழுதியதை இரண்டு தடவை கேட்டார். ஊசி போடுகிற அறைக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடுவில் பழைய அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை இருக்கிறது, அதைக் காலி செய்துவிட்டோம். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, பால் கொடுக்க ஒரு திரை. கதவில் "குழந்தை வளர்ப்பு ஆலோசனை" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன், வேறு எந்தப் பெயரும் வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கவுன்சலர் மேடம், உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், மாதம் இரண்டு சனிக்கிழமை முடியுமா என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பழைய சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தையின் எடையை இன்னொரு தடவை பார்க்கணும், வெள்ளிக்கிழமை வரியா, அவரையும் கூட்டிக்கிட்டு வா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் "அவரும் வரணுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். பயத்தில் கேட்டாளா, யாரோ கூப்பிடுகிறார்களே என்று கேட்டாளா, குரலில் பிடிபடவில்லை. கவுன்சலர் மேடம் எச்சரித்தது ஞாபகம் வந்தது, "உனக்குச் சரின்னு பட்டா மட்டும் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லி வைத்தேன்.

வந்தால் குழந்தையை மாமியாரிடமோ அவனிடமோ கொடுத்துத் தராசுப் பக்கம் அனுப்பிவிட்டு, முதலில் சாப்பிட்டாளா என்று கேட்கப் போகிறேன். அப்புறம் தூக்கம்.